பாஸ்வேர்டை எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பு நான் தேர்ந்தெடுத்ததல்ல. சென்ற ஆண்டு சாப்பாட்டுப் பந்தியில் ஒரு மூத்த அண்ணன் கேட்ட கேள்வி இது. "பேங்க்காரன் மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாஸ்வேர்டை மாத்துங்கிறான். இ-மெயில்காரன் ஒண்ணுமே சொல்றதில்லை. யார் பேச்சைத் தம்பி கேக்கறது?" பந்தியில் பாதிப் பேர் இலையை விட்டுவிட்டு இதைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் செயலாளர் அண்ணன் இதையே தலைப்பாக்கிவிட்டார்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பாஸ்வேர்டைத் தமிழில் கடவுச்சொல் என்கிறோம். கடவு என்றால் வழி. நம்மில் பலர் அதைக் 'கடவுள் சொல்' என்று படித்துவிட்டார்களோ என்னவோ, முருகன் பெயரையும் குலதெய்வம் பெயரையும் வைத்துப் பக்கத்தில் 123 போட்டுவிடுகிறார்கள். ஊர்க்காரர்களின் கணினியையும் போனையும் சரிபார்த்துக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன். குலதெய்வம், பிள்ளை பெயர், வண்டி நம்பர், பிறந்த வருஷம், இந்த நான்கில் ஒன்று பெரும்பாலும் இருக்கும்.

சரி, இந்த மூன்று மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது?

கணினிக்குக் கடவுச்சொல் வைக்கும் வழக்கம் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் வந்தது. ஒரே பெரிய கணினியைப் பலர் பங்குபோட்டு உபயோகித்தார்கள். அவரவர் கோப்பு அவரவருக்கே என்று பிரித்து வைக்கப் பேராசிரியர் கோர்பட்டோவின் குழு கடவுச்சொல்லைக் கொண்டுவந்தது. 1962இலேயே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்று, கடவுச்சொல் பட்டியல் முழுவதையும் கணினியிலேயே அச்சடிக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டார்! மாணவர்கள் கைதட்டுகிறீர்கள். பேராசிரியர்கள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஞாபகம் இருக்கட்டும்.

1985இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் ஒரு சூத்திரம் உண்டு. கடவுச்சொல் எத்தனை நாள் புழக்கத்தில் இருக்கிறது என்பதை, எதிரி எவ்வளவு வேகமாக ஊகிக்க முடியும் என்பதால் பெருக்கி, மொத்தம் எத்தனை கடவுச்சொற்கள் சாத்தியமோ அதால் வகுக்க வேண்டும். வருவது, அந்தக் காலத்துக்குள் மாட்டிக்கொள்வதற்கான வாய்ப்பு. நாள் கூடக் கூட ஆபத்து கூடும், ஆகவே அவ்வப்போது மாற்று. ஓராண்டுக்கு மேல் ஒரே கடவுச்சொல் வேண்டாம் என்றும் அதிலே சொன்னார்கள். தொலைபேசிக் கம்பி வழியாக ஒவ்வொன்றாக முயன்று பார்த்த காலத்துக்கு அது நியாயமான கணக்கு. பிற்பாடு வந்த அலுவலகங்கள் சூத்திரத்தை விட்டுவிட்டு நாளை மட்டும் பிடித்துக்கொண்டன. அதையும் 90 ஆக்கி, சில இடங்களில் 45 ஆக்கி, 'பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று' என்ற நிபந்தனையையும் சேர்த்துவிட்டன.

இப்போது அதே சூத்திரத்தில் இன்றைய எண்களைப் போட்டுப் பார்ப்போம். அதற்கு முன்னால், கடவுச்சொல் நிறுவனங்களிடம் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். நமக்கு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையைச் சொன்னால் உடனே புரியும். கரும்பை உள்ளே விட்டால் சர்க்கரை வரும். சர்க்கரையைத் திரும்ப உள்ளே விட்டால் கரும்பு வருமா? வராது. நல்ல நிறுவனம் உங்கள் கடவுச்சொல்லை அப்படியே வைத்திருக்காது. ஓர் ஆலையில் அரைத்து, வந்த சர்க்கரையை மட்டும் வைத்திருக்கும். இதற்கு ஹாஷ் என்று பெயர். நீங்கள் நாளை மறுபடி கடவுச்சொல் கொடுத்தால் அதையும் அரைத்து, அதே சர்க்கரை வருகிறதா என்று ஒப்பிடும். திருடன் சர்க்கரை மூட்டையைத்தான் தூக்கிக்கொண்டு போவான். போய், தன் வீட்டில் அதே மாதிரி ஓர் ஆலை வைத்து, ஒவ்வொரு கரும்பாக அரைத்துப் பார்ப்பான்.

பழைய, வேகமான ஹாஷ் முறையாக இருந்தால் ஒரே ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு விநாடிக்கு ஆயிரம் கோடி கரும்பை அரைத்துப் பார்த்துவிடும். வெறும் சிறிய ஆங்கில எழுத்துகளில் எட்டு எழுத்துக் கடவுச்சொல் என்றால் மொத்தச் சாத்தியம் சுமார் 20,900 கோடி. வகுத்துப் பாருங்கள், 21 விநாடி. 21 விநாடியில் உடைகிற பூட்டை 90 நாளுக்கு ஒரு தடவை மாற்றி என்ன லாபம்? அதையே எந்த ஒழுங்கும் இல்லாத பதினைந்து எழுத்தாக வைத்தால் 5,000 ஆண்டுக்கு மேல் ஆகும். 5,000 ஆண்டு தாங்குகிற பூட்டை 90 நாளில் ஏன் மாற்ற வேண்டும்? இடையில் பன்னிரண்டு எழுத்து என்று வைத்தால் சுமார் 110 நாள் வருகிறது. அங்கே மட்டும் 90 நாள் கணக்குக்குக் கொஞ்சம் அர்த்தம் இருக்கிற மாதிரி தெரியும். ஆனால் கூடுதலாக ஓர் எழுத்தைச் சேர்த்தாலே 26 மடங்காகி ஏழரை ஆண்டைத் தாண்டிவிடுகிறது. வருஷம் நாலு தடவை மாற்றுவதைவிட ஓர் எழுத்தைக் கூட்டுவது சுலபமில்லையா?

இது கணக்கு. மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பது வேறு. அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும் என்று விதி இருந்தது. அங்கே புழக்கத்தில் இல்லாத சுமார் 10,000 கணக்குகளின் பழைய கடவுச்சொல் வரிசைகளை எடுத்து ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். பழைய கடவுச்சொல் ஒன்று தெரிந்துவிட்டால், 17 சதவீதக் கணக்குகளில் ஐந்து முயற்சிக்குள்ளாகவே புதியதைச் சொல்லிவிட முடிந்தது. காரணம் உங்களுக்கே தெரியும். முருகன்@1 போய் முருகன்@2 வரும். அடுத்து முருகன்@3. ஆடி மாசம் மாற்றினால் ஆடி, ஐப்பசியில் மாற்றினால் ஐப்பசி. சீக்கிரம் சீக்கிரமாக மாற்றச் சொன்னால் மனிதன் புதிதாக யோசிக்க மாட்டான், பழையதன் வாலை மட்டும் மாற்றுவான். எதிரிக்கும் இது தெரியும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு விதி போட்டவர்களே மனம் மாறினார்கள். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2017 ஜூனில், காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லக் கூடாது, வெளியே கசிந்ததற்கு ஆதாரம் இருந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள் என்று பரிந்துரைத்தது. முந்தைய பரிந்துரையை எழுதிய பில் பர் என்ற அதிகாரி, ஓய்வுபெற்ற பிறகு, தாம் எழுதியதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாக அதே ஆண்டு பத்திரிகையில் சொன்னார். அந்தத் துணிச்சலுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். 2019இல் மைக்ரோசாப்ட் நிறுவனமும் விண்டோசுக்கான தன் அடிப்படைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து காலாவதி விதியை எடுத்துவிட்டது. 2025இல் நிஸ்ட் வெளியிட்ட புதிய பதிப்பில் அது பரிந்துரையாகக்கூட இல்லை, கட்டாயமாகவே சொல்லிவிட்டார்கள்: காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லவே கூடாது.

அப்படியானால் மாற்றவே வேண்டாமா? இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும். நம் வீட்டுப் பூட்டை எப்போது மாற்றுகிறோம்? மூன்று மாசத்துக்கு ஒரு தடவையா? இல்லை. சாவி தொலைந்தால் மாற்றுகிறோம். குடியிருந்தவர் காலி செய்தால் மாற்றுகிறோம். வேலைக்கு இருந்த ஆள் சொல்லாமல் நின்றுவிட்டால் மாற்றுகிறோம். அன்றைக்கே மாற்றுகிறோம், தேதி பார்ப்பதில்லை.

நம் நாட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2017 மே மாதம் ஜொமாட்டோ நிறுவனத்திலிருந்து சுமார் 1 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் திருடு போயின. அதில் 66 லட்சம் பேரின் ஹாஷ் செய்த கடவுச்சொற்களும் இருந்தன. எப்படிப் போனது என்பதை அந்த நிறுவனமே பிறகு வெளிப்படையாக எழுதியது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். 2015 இறுதியில் வேறொரு இலவச இணைய சேவையின் கடவுச்சொற்கள் அரைக்காமலே, கரும்பாகவே, வெளியே வந்துவிட்டன. ஜொமாட்டோவின் மென்பொருள் எழுதுபவர் ஒருவர் அந்தச் சேவையிலும் கணக்கு வைத்திருந்தார். அதே கடவுச்சொல்லையே நிறுவனத்தின் நிரல் வைத்திருந்த கிட்ஹப் தளத்துக்கும் வைத்திருந்தார். திருடன் அங்கே நுழைந்து, நிரலைப் படித்து, அதில் ஓட்டை கண்டுபிடித்து, உள்ளே போனான்.

இதைக் கேட்டவுடன், "பார்த்தீங்களா, அவர் மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தியிருந்தா தப்பிச்சிருக்கலாமே" என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். தப்பித்திருக்கலாம், திருடன் 90 நாள் பொறுமையாக இருந்திருந்தால். ஆனால் இரண்டு இடத்துக்கும் வேறு வேறு கடவுச்சொல் வைத்திருந்தால் முதல் நாளே ஆபத்து இல்லை. கசிந்த செய்தி வந்த அன்றே மாற்றியிருந்தாலும் இல்லை. ஒரே சாவியை வீட்டுக்கும், கடைக்கும், பெட்டிக்கும் போடுவதுதான் இங்கே பெரிய பிரச்சினை. கடையில் சாவியைப் பறிகொடுத்தவன் வீட்டில் நகையைப் பறிகொடுக்கிறான்.

இன்னொன்று, 2016 அக்டோபர். பல வங்கிகளின் டெபிட் கார்டு விவரங்கள் களவு போனது வெளியே வந்தது. 32 லட்சம் கார்டுகள் ஆபத்தில் இருந்ததாகச் செய்தி. ஸ்டேட் வங்கி மட்டுமே சுமார் 6 லட்சம் கார்டுகளை முடக்கிப் புதிது கொடுத்தது. மற்ற வங்கிகள் பின் நம்பரை உடனே மாற்றச் சொன்னன. 19 வங்கிகளில் 641 பேர் பணம் போனதாகப் புகார் செய்தார்கள், தொகை ஒரு கோடியே 30 லட்சம் ரூபாய். ஏ.டி.எம். சேவை நடத்திய ஹிட்டாச்சி நிறுவனத்தின் கணினியில் தீய நிரல் புகுந்திருந்ததை அந்நிறுவனம் 2017 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டது. அந்தச் சமயத்தில் மாசம் ஒரு தடவை பின் மாற்றுகிற ஒழுக்கமான மனிதருக்கு என்ன ஆகியிருக்கும்? புதிய பின்னும் அதே இயந்திரத்தின் வழியாகத்தானே போயிருக்கும்! மாற்ற வேண்டிய நாள் ஒன்றுதான், வங்கி சொன்ன அந்த நாள்.

இதுவரை சொன்னது பெரிய ஊர்க் கதை. இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். மாணவர்கள் இதைத்தான் கேட்க வேண்டும்.

கல்வராயன் மலையிலிருந்து இங்கே படிக்க வரும் பிள்ளைகள் பலர். வெள்ளிமலையைத் தாண்டிச் சில கிராமங்களில் போனில் சிக்னல் வேண்டுமென்றால் மேட்டில் ஏறி நிற்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பிள்ளைக்கு முதன்முதலாக இ-மெயில் எப்போது வருகிறது? பிளஸ் டூ முடித்து, கவுன்சிலிங்குக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்கும்போது. எங்கே வருகிறது? கச்சிராயபாளையத்திலோ கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்திலோ ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். வெளியே முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். சென்டர்காரர் தானே ஒரு மெயில் ஐடி போட்டு, தானே ஒரு பாஸ்வேர்டு வைக்கிறார். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. ஓ.டி.பி. வர மலையில் சிக்னல் இல்லை, ஆகவே தன் போன் நம்பரையே கொடுத்துவிடுகிறார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் இல்லாவிட்டால் பாதி விண்ணப்பம் போயே இருக்காது.

ஆனால் என்ன ஆகிறது? எனக்குத் தெரிந்த ஒரு தங்கை, மலைக்கிராமம், வீட்டில் முதல் பட்டதாரி. டி.என்.பி.எஸ்.சி. நிரந்தரப் பதிவு இப்படித்தான் நடந்தது. இரண்டு வருஷம் கழித்து ஒரு தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தார். ஹால் டிக்கெட் எடுக்கப் போனபோது அந்த சென்டர் இல்லை, மூடிவிட்டார்கள். பாஸ்வேர்டு தெரியாது. மறந்துவிட்டது என்று அழுத்தினால் ஓ.டி.பி. அந்த மனிதருடைய பழைய நம்பருக்குப் போகிறது. மெயிலுக்குப் போகலாம் என்றால் மெயிலின் பாஸ்வேர்டும் அவருக்குத்தான் தெரியும். எனக்குப் போன் வந்தது தேர்வுக்கு முதல் நாள் மாலை. ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தத் தேர்வு போனது போனதுதான். யாரும் எதையும் திருடவில்லை என்பதைக் கவனியுங்கள். சாவி ஒருபோதும் அந்தப் பெண்ணின் கைக்கே வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே மாணவர்களுக்கு நான் சொல்லும் 'எத்தனை நாள்' இது: பிறர் வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டை அன்று சாயங்காலத்துக்குள் மாற்றுங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், நான் முதல்வன், கல்வி உதவித்தொகை என்று உங்கள் பெயரில் எத்தனையோ பதிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எந்த போன் நம்பர், எந்த மெயில் இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். மாமா நம்பரா, சென்டர் நம்பரா, காலேஜுக்கு வந்த புதிதில் வாங்கித் தூக்கிப் போட்ட சிம்மா?

இங்கேதான் அந்த 90 நாள் உண்மையிலேயே வேலை செய்கிறது. துண்டிக்கப்பட்ட மொபைல் எண்ணை குறைந்தது 90 நாளுக்கு வேறு யாருக்கும் கொடுப்பதில்லை, அதற்குப் பிறகு புதிய சந்தாதாரருக்குக் கொடுக்கலாம் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் டிராய் தெரிவித்தது. சலுகை சிம் வாங்கி, ரீசார்ஜ் போடாமல் விட்டு, அது துண்டிக்கப்பட்டால், கொஞ்ச நாளில் அந்த நம்பர் முன்பின் தெரியாத ஒருவர் கையில் இருக்கும். உங்கள் ஓ.டி.பி. அவருக்குப் போகும். பாஸ்வேர்டை மாற்ற நாள் குறித்து வைப்பதைவிட, நம்பர் மாற்றினால் வங்கியிலும், ஆதாரிலும், மெயிலிலும் மாற்றச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூத்தவர்கள் கேட்கும் மற்றொரு கேள்வி: இத்தனை கடவுச்சொல்லை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. போனிலேயே பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் வசதி இருக்கிறது, அதை உபயோகியுங்கள். அது பிடிக்காதவர்கள் ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். சிரிக்காதீர்கள். புரூஸ் ஷ்னையர் என்ற பெயர்பெற்ற பாதுகாப்பு நிபுணரே 2005இல் எழுதி வையுங்கள் என்றுதான் சொன்னார். ஏதோ ஒரு நாட்டில் உட்கார்ந்திருக்கும் திருடன் சங்கராபுரத்தில் இருக்கிற உங்கள் பீரோவைத் திறக்க வர மாட்டான். ஆனால் அந்த நோட்டைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்பாதீர்கள், அது வேறு கதை.

எல்லாவற்றிலும் பெரிய சாவி இ-மெயில்தான். மற்றதெல்லாம் மறந்துபோனால் அங்கேதான் வழி கிடைக்கும். திருடனுக்கும் அதே வழிதான். அதற்கு மட்டும் நீளமாக, சம்பந்தமில்லாத ஆறு சொற்களைக் கோத்து வையுங்கள். ஒரு புத்தகத்தைக் கண்ணை மூடிப் புரட்டிக் கை வைத்த சொற்கள்: கடுக்காய், சைக்கிள், உலக்கை, வியாழன், மேஸ்திரி, தகரம் என்கிற மாதிரி. சினிமா வசனம் வேண்டாம், அது உங்களுக்கு மட்டுமா தெரியும்? இந்த ஆறு சொல்லும் வேண்டாம், மலரில் அச்சாகப் போகிறது. கூடவே இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். பேங்க் லாக்கர் நம் சாவியும் மேனேஜர் சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும் அல்லவா, அதே ஏற்பாடுதான்.

அந்த அண்ணனின் கேள்விக்கு நேரடியாக: வங்கியோ அலுவலகமோ மாற்றச் சொன்னால் மாற்றத்தான் வேண்டும், அவர்கள் விதி அவர்களுக்கு. கார்டு தொழிலின் உலகளாவிய விதியில்கூட, கடவுச்சொல் ஒன்றே காவலாக இருக்கும் இடத்துக்கு 90 நாள் கணக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் மாற்றும்போது வாலை மட்டும் மாற்றாதீர்கள், முழுதாக மாற்றுங்கள். கேட்காத இடத்தில் நீங்களாக நாள் வைத்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். கசிந்தது என்று செய்தி வந்தால், போலிப் பக்கத்தில் தெரியாமல் தட்டிவிட்டால், போன் தொலைந்தால், கடைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் விலகினால், அன்றைக்கே மாற்றுங்கள்.

பணமே போய்விட்டது என்றால் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருப்பதற்கு முன்னால் வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியார் செயலால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் இல்லை என்றது. நீங்களே ஓ.டி.பி.யைச் சொல்லிப் போயிருந்தால், புகார் செய்யும் வரை போனது உங்கள் பொறுப்பு என்றது. ஆகவே வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் வீட்டில் சொல்லாமல் இருப்பதுதான் அதிகச் செலவு பிடிக்கும்.

சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டார்கள், பின்வரிசை கலைகிறது. சாப்பிட்ட பிறகு கம்ப்யூட்டர் லேப் திறந்திருக்கும். இறுதியாண்டு மாணவர்கள் எட்டுப் பேரும் நானும் மாலை வரை அங்கே இருப்போம். பாஸ்வேர்டு யார் வைத்தது என்று தெரியாதவர்கள், பழைய நம்பர் சிக்கல் உள்ளவர்கள், மலையிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகள் முதலில் வாருங்கள், கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடித்துவிடலாம். கையில் போன் இருக்கட்டும். பாஸ்வேர்டை எங்களிடம் சொல்லாதீர்கள், நீங்களே தட்டுங்கள், நாங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறோம்.